சூசை சொன்ன எண்

போன வாரம் நஸ்ரினா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் மீனவர் சங்கத்து வானொலி அறையில் என் கதிரையில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் எதைக் கேட்பதானாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கேட்பாள்.

“குறை நினைக்காதீங்க பிலோ அக்கா. அறைக்குப் பெயின்ட் அடிக்கப் போறாங்க. புது மெஷின் வருது. செட்டுக்கு மேல சுவரில நீலத்தில ஒரு நீட்டு நம்பர் எழுதியிருக்கே, அது ஆர்ட டெலிபோன் நம்பர்? அழிச்சாப் பரவாயில்லையா?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதை அழிக்கலாம், கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

84173792156. இதுதான் அந்த எண். முறையாக வாசித்தால் எண்ணாயிரத்து நானூற்றுப் பதினேழு கோடியே முப்பத்தேழு இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து நூற்றைம்பத்தாறு. யாரும் அதை அப்படி வாசித்ததில்லை. இரட்டை எண். நான்கால் பிரிபடும், மூன்றால் பிரிபடாது. இலக்கங்களைக் கூட்டினால் ஐம்பத்து மூன்று. ஒன்பதால் பிரித்தால் மிச்சம் எட்டு, பதினொன்றால் பிரித்தால் மிச்சம் மூன்று. என் அடையாள அட்டை எண்ணைக் கேட்டால் கைப்பையைத் தேடுவேன். இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நஸ்ரினாவின் வயதுக்காரருக்கு ஒன்று தெரியாது. யுத்தக் காலத்தில் எங்கள் கரையில் கடலுக்குப் போவதற்குப் பாஸ் வேண்டும். இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக் கூடாது. யுத்தம் முடிந்து கடல் திறந்ததும், கட்டிப்போட்டிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டதுபோல எல்லாப் படகும் ஓடின. கரை கண்ணுக்கு மறையும் தூரம் போய்ப் பழகாதவர்களும் போனார்கள். அப்போதுதான் சங்கம் ஆலங்குடாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை கட்டி, படகுகளோடு கதைப்பதற்கு ஒரு செட் வாங்கி வைத்தது. நான் அதுவரை சங்கத்து ஐஸ் கொட்டிலில் ஐஸ் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்களின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தகுதிக்காகத்தான் என்னை எடுத்தார்கள். பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. பொத்தானை அமத்தினால் கதை, விட்டால் கேள். அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் தங்கராசா மாஸ்டரிடம் இருந்து வந்தது. அவர்தான் அறைக்குப் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து புத்தளத்துக்கு வந்து இங்கேயே தங்கியவர். எந்த வெயிலிலும் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்ற மாட்டார். கதைப்பதற்கு முன் மைக்கைக் கைலேஞ்சியால் துடைப்பார். கதைத்து முடிந்ததும் மறுபடியும் துடைப்பார். படகில் இருப்பவன் தண்ணியடித்துவிட்டுத் தூஷணம் பேசினாலும் மாஸ்டர் அவனை “ஐயா” என்றுதான் கூப்பிடுவார். எனக்கு ஆத்திரமாக வரும்.

“மாஸ்டர், அவன் உங்கள என்ன சொன்னான் தெரியுமா?”

“தெரியும் பிலோமினா. இடத்தைச் சரியாச் சொன்னவர்தானே. அது காணும், வேறொண்டும் வேண்டாம்.”

அவருடைய அறையில் “சரி” என்ற சொல்லுக்கு இடம் இல்லை. “சரியெண்டால் என்ன சரி? கேட்டதா, விளங்கினதா, வேண்டாம் வை எண்டதா?” என்பார். எண் முழுதாக வந்து பலகையில் ஏறி, ஒத்துப் பார்த்த பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: கரைக்குக் கிடைச்சது. அதைக் கேட்கும்வரை படகுக்காரன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்ட பிறகுதான் ஓய வேண்டும்.

எண் முழுதாக என்று சொன்னேன். அது மாஸ்டர் செய்த வேலை. படகுகளில் இருந்த ஜீ.பீ.எஸ். பெட்டி இரண்டு கணக்குக் காட்டும். வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று, பாகையும், அதில் அறுபதில் ஒரு பங்கான கலையும், புள்ளியும் வைத்து. வடக்கு 8, 41, 73. கிழக்கு 79, 21, 56. இரைச்சலில் ஒருவன் வடக்கைச் சொல்லிக் கிழக்கை விடுவான், இன்னொருவன் புள்ளியை விடுவான். மாஸ்டர் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். பாகை, கலை, புள்ளி ஒன்றும் வேண்டாம். எல்லாவற்றையும் ஒட்டி ஒரே எண்ணாகச் சொல்லு. பதினொரு இலக்கம். பத்து வந்தால் ஒன்று தவறிப்போயிற்று என்று சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

அதோடு ஒரு காவலும் வைத்தார். இலக்கங்களை எல்லாம் கூட்டு. வந்ததை மறுபடியும் கூட்டு. ஒற்றை இலக்கம் ஆகும் வரை கூட்டு. ஒன்பதால் பிரித்தால் வரும் மிச்சம் அதுதான்; மிச்சமே இல்லாவிட்டால் ஒன்பது வரும். படகுக்காரன் எண்ணைச் சொல்லி, கடைசியில் மிச்சத்தையும் சொல்வான். இங்கே பலகையில் நாங்கள் கூட்டினால் அதே மிச்சம் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஓர் இலக்கம் பிழை.

எங்கள் ஆட்களுக்கு வலையில் விழுந்த மீனைக் கண்ணாலேயே கணக்குப் பார்க்கத் தெரியும். இந்தக் கூட்டல் அவர்களுக்கு இரண்டே கிழமையில் பிடிபட்டுவிட்டது. பிறகு அதில் சாத்திரமும் பார்த்தார்கள். மிச்சம் ஒன்பது வந்த இடத்தில் வலை போட்டால் நிறையுமாம். இதில் முன்னுக்கு நின்றவர் சூசை. ஆலங்குடாச் சூசை, தம்பி நிக்சனோடு தொழிலுக்குப் போகிறவர். “பிலோ அக்கா, இண்டைக்கு மிச்சம் ஒம்பது. அறுக்குளா மீன் கறிக்கு மாங்காய் வாங்கி வையுங்க,” என்று கடலுக்கு நடுவில் இருந்து கூப்பிட்டுச் சொல்வார். மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு மைக்கைத் துடைப்பார்.

ஒரு முறை இயந்திரம் நின்று இழுபட்டுப்போன படகொன்று எண்ணைச் சொன்னது. மிச்சம் ஒத்துவரவில்லை. மாஸ்டர் மறுபடியும் கேட்டார், அப்போதும் ஒத்துவரவில்லை. அந்த மனுசன் அங்கே இருந்து மாஸ்டரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். மாஸ்டர் “ஐயா, இன்னொருக்கால்” என்றார். கடைசியில் பார்த்தால், கூட்டும்போது சரியாகக் கூட்டியவன், சொல்லும்போது உப்பு படிந்த கண்ணாடியில் ஆறை எட்டு என்று வாசித்திருக்கிறான். அன்று பொழுதுபட முன்பே ஆளைக் கரைசேர்த்தோம். மறுநாள் ஒரு பாரை மீனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மாஸ்டரின் மேசையில் வைத்தான். மாஸ்டர் மச்சம் தின்னாதவர். அதை நான்தான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஊருக்கு மாஸ்டரின் ஒன்பதில் நம்பிக்கை வந்தது. மாஸ்டருக்கும் வந்தது. இன்னும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இன்னொரு விதியும் போட்டார்: தலையிலிருந்து ஒரு தரம் சொல்ல வேண்டும், பிறகு வாலிலிருந்து ஒரு தரம் சொல்ல வேண்டும், ஒவ்வொரு இலக்கமாக. முன்பக்கம் இரைச்சலில் போனாலும் பின்பக்கத்தால் பிடித்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். “மாஸ்டர் மச்சம் தின்னாட்டியும் வாலில இருந்து தின்னத் தெரியுது,” என்று சூசை பகிடி பண்ணினார்.

எழுதுவதற்கு ஒரு கரும்பலகை இருந்தது. பதினொரு கட்டம். எங்கள் கரையில் நின்று எங்கே போனாலும் வடக்குப் பாகை எட்டு, கிழக்குப் பாகை எழுபத்தொன்பது. மாறவே மாறாது. அதனால் அந்த மூன்று கட்டங்களிலும் 8, 7, 9 என்று வெள்ளைப் பெயின்டால் நிரந்தரமாக எழுதியிருந்தோம். மற்ற எட்டுக் கட்டத்துக்குத்தான் வெண்கட்டி.

தலவிலத் தேவாலயத்துத் திருவிழா முடிந்த கிழமை அது, மார்ச் மாதம். மத்தியானத்துக்குப் பிறகு எதிர்பாராமல் மேற்கே இருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு ஓடிவந்துகொண்டிருந்தன. மூன்று மணி போல செட்டில் அந்தக் குரல் வந்தது.

“கரை, கரை. சூசை கதைக்கிறன். பிலோ அக்கா, அடிப்பலகை வெடிச்சுத் தண்ணி ஏறுது. மெஷின் நிண்டுட்டு. தம்பி அள்ளி ஊத்திறான்.”

பகிடி இல்லாத சூசையின் குரலை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன். இரைச்சல் கூடவே மாஸ்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடற்படைக்கு அறிவிக்கும்படி எனக்குக் கை காட்டினார். நான் தொலைபேசியைப் பிடித்தேன். அதன் பிறகு சூசை சொன்னது மாஸ்டரின் காதில் மட்டுமே விழுந்தது. அவர் பலகையில் எழுதுவதை நான் பார்த்தேன். தலையிலிருந்து சொன்னது “எட்டு” என்பதோடு இரைச்சலில் அமிழ்ந்துவிட்டது. பிறகு சூசை வாலிலிருந்து சொன்னார். மாஸ்டர் வலது ஓரக் கட்டத்தில் தொடங்கி இடப்பக்கமாக எழுதிக்கொண்டே போனார். ஓர் இலக்கமும் விடுபடவில்லை. கடைசியில் மிச்சம் எட்டு என்று சூசை சொல்லியிருக்கிறார். மாஸ்டர் கூட்டினார். ஐம்பத்து மூன்று. ஐந்தும் மூன்றும் எட்டு.

“கரைக்குக் கிடைச்சது ஐயா,” என்றார் மாஸ்டர். “கரைக்குக் கிடைச்சது. கரைக்குக் கிடைச்சது.”

செட்டில் ஒரு சத்தமும் இல்லை. பற்றரிக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும். அவர் சொன்னது சூசைக்குக் கேட்கவில்லை.

பலகையில் இருந்த எண் 81437791265. அந்த இடத்துக்குக் கடற்படைப் படகு போனது, எங்கள் படகுகளும் போயின. காற்று இழுக்கும் பக்கமெல்லாம் தேடினார்கள். ஒரு மிதப்புக் கட்டைகூட இல்லை. விடிந்ததும் மறுபடியும் போனார்கள்.

காலையில் நான் மாஸ்டருக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். தொடவில்லை. பலகையைப் பார்த்தபடி, சூசை சொன்னதை ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நிறுத்தினார். மறுபடியும் தொடங்கி, அதே இடத்தில் நிறுத்தினார்.

“பிலோமினா, வாலில இருந்து ஒவ்வொண்டாச் சொன்னால் எழுபத்தொன்பது எப்பிடி வரும்?”

“ஒன்பது, ஏழு எண்டு வரும் மாஸ்டர்.”

“எனக்கு ஏழு, ஒன்பது எண்டெல்லோ கேட்டது.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அந்த இரண்டு இலக்கமும் பலகையில் ஏற்கெனவே பெயின்டில் இருந்தன. மாறாத இலக்கம் என்று அவர் காது கொடுக்காமல் அடுத்த கட்டத்துக்குத் தாண்டிப் போயிருக்கிறார். சூசை வாலிலிருந்துதான் வந்திருக்கிறார். ஆனால் ஒவ்வொரு இலக்கமாக அல்ல, சோடி சோடியாக. ஜீ.பீ.எஸ். பெட்டியில் எண்கள் சோடியாகத்தானே தெரியும். ஐம்பத்தாறை ஐந்து, ஆறு என்று சொன்னார். நாங்கள் அதைத் திருப்பி அறுபத்தைந்து ஆக்கினோம். இருபத்தொன்று பன்னிரண்டானது. நாற்பத்தொன்று பதினான்கானது.

நாற்பத்தொன்றுக்கும் பதினான்குக்கும் இடையில் இருபத்தேழு. வடக்கே ஒரு கலை என்றால் கடலில் ஒரு கடல்மைல். அப்படியென்றால் இருபத்தேழு கடல்மைல்.

ஒன்பது ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். இலக்கங்களை எப்படி இடம் மாற்றினாலும் கூட்டுத்தொகை மாறாது. இரண்டு எண்ணுக்கும் ஐம்பத்து மூன்று, இரண்டுக்கும் மிச்சம் எட்டு. ஓர் இலக்கம் பிழைத்தால் ஒன்பது சொல்லும். எல்லா இலக்கமும் சரியாக இருந்து இடம் மட்டும் மாறினால் சொல்லாது. கணித மாஸ்டருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். வாலிலிருந்து சொல்லும் விதியைப் போட்டபோது நினைவுக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

மாஸ்டர் பலகையை அழித்துச் சரியான எண்ணை எழுதினார். படகுகளைத் திருப்பினோம். அந்த இடத்திலிருந்து காற்று இழுத்த வழியில், வில்பத்துக் காட்டுப் பக்கமாக, மத்தியானம் மீன் வைக்கும் ஒரு ரெஜிபோம் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நிக்சன் கிடைத்தான். உயிர் இல்லை. விடியும்வரை இருந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். சூசை கிடைக்கவே இல்லை.

செத்த வீட்டில் என்ன நடந்தது என்றால், சூசையின் மனைவி ரீட்டாவை நிக்சனின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் விடவில்லை. சூசைக்கும் நிக்சனுக்கும் தாய் ஒருத்திதானே, அந்த மாமியே எழும்பி நின்று சொன்னார்: “பயந்து போய் நம்பரை மாத்திச் சொல்லித் தம்பியக் கொண்டுட்டான். அவன்ட பொஞ்சாதி இஞ்ச நிக்க வேணாம்.” ஊரும் அப்படித்தான் கதைத்தது. கடலுக்குப் போனவன் வாயைத் திறந்து மறுப்பதற்கு வரவா போகிறான்?

ரீட்டா எங்கள் அறைக்கு வந்தாள். கறுப்புச் சீலை, காலில் செருப்பு இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மாஸ்டர், ஒண்டே ஒண்டு கேக்க வந்த. அவர் பிழையாவா சொன்னார்?”

மாஸ்டர் எழுந்து நின்றார். “இல்லைப் பிள்ளை. ஒரு இலக்கமும் பிழை இல்லை.”

“அப்ப மாமிட்ட வந்து சொல்லுங்க.”

சங்கத்து ஆட்கள் வேண்டாம் என்று தடுத்தார்கள். போனால் அடி விழும், பழி சங்கத்துக்கு வரும் என்றார்கள். மாஸ்டர் பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். நானும் போனேன். மாமி வீட்டு வாசல் மணலில் பலகையை வைத்து, அந்த மனுசிக்கு முன்னால் குந்தி இருந்து, சூசை சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார். “அஞ்சு ஆறு. ரெண்டு ஒண்டு. இதுதான் அம்மா உங்கட மகன் சொன்னது. நான் இப்பிடித் திருப்பி எழுதிப்போட்டன். தண்ணி ஏறுற வள்ளத்தில நிண்டுகொண்டு அவர் மிச்சமும் கூட்டிச் சொன்னவர். அதுவும் சரி.”

மாமிக்குக் கணக்கு விளங்கியிருக்காது. பலகையில் இருந்த இலக்கங்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப என்ட மகன் பிழை சொல்லல்ல?”

“இல்லை அம்மா. பிழை என்ர பலகையில.”

அடி விழவில்லை. மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பிறகு ரீட்டாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். போகச் சொல்லவும் ஆள் இல்லை, இருக்கச் சொல்லவும் ஆள் இல்லை. மாஸ்டரின் சேட்டில் மேல் பொத்தான் கழன்று கிடந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாள் படகுக்குப் பூசும் நீலப் பெயின்டை எடுத்து, செட்டுக்கு மேலே சுவரில் அந்த எண்ணை எழுதினார். சங்கத்துக்கு வரும் எவனும் சூசையைப் பற்றிப் பிழையாகக் கதைக்க முன் அதைப் பார்க்கட்டும் என்றார். வாலிலிருந்து சொல்லும் விதியை எடுத்துவிட்டார். பலகையில் இருந்த 8, 7, 9 பெயின்டைத் தானே சுரண்டினார். ஒன்பதோடு பதினொன்றையும் சேர்த்தார்: இலக்கங்களை ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துப் பார்க்கும் கணக்கு. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அது காட்டிவிடும். சூசையின் எண்ணுக்கு அதில் மிச்சம் மூன்று, நாங்கள் எழுதியதற்கு ஆறு. பதினொன்று அன்றைக்கு இருந்திருந்தால் என்று மாஸ்டர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் தனியாக இருக்கும்போது சொல்லி அழுதிருக்கிறேன்.

அந்த வருடமே அவர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். ஆனால் தலவிலத் திருவிழாவுக்குக் கொடியேறும் நாளில், மார்ச்சிலும் ஆகஸ்டிலும், தொலைபேசி எடுப்பார். சுகம் கேட்ட பிறகு ஒரு செய்தி சொல்வார்: “பிலோமினா, இந்த முறை பதின்மூன்றால பிரிச்சுப் பாத்தன். பிரிபடேல்லை.” அடுத்த முறை பதினேழு. பிறகு பத்தொன்பது. தனக்கும் ஒன்றுக்கும் தவிர வேறு எதற்கும் பிரிபடாத பகா எண்களாக எடுத்து, திருவிழாவுக்கு ஒன்றாகச் சூசையின் எண்ணை அதால் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பின்னேரத்தில எல்லாத்தையும் செய்து முடிக்கலாமே மாஸ்டர்,” என்று ஒருமுறை கேட்டேன்.

“முடிக்கலாம். முடிஞ்சால் பிறகு நான் என்னத்தைச் செய்யிறது?”

கடைசியாக எடுத்தபோது நாற்பத்து மூன்றாலும் பிரிபடவில்லை என்றார். குரல் களைத்திருந்தது. அடுத்த கொடியேற்றத்துக்கு அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். மகள் பேசினார். மாஸ்டர் தவறிப்போய் ஒரு மாதமாம்.

அன்று பின்னேரம் வீட்டு மேசையில் உட்கார்ந்து, அடுத்த பகா எண்ணால் நானே பிரித்தேன். நாற்பத்தேழு. கணக்கில் நான் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை. வெட்டி வெட்டி எழுதினேன். கடைசி இலக்கத்தை இறக்கிப் பிரித்தேன். மிச்சம் சைபர். நம்பாமல் பெருக்கியும் பார்த்தேன். சரியாகத்தான் பிரிபடுகிறது. ஒரேயொரு கொடியேற்றம் அவர் இருந்திருந்தால் கண்டிருப்பார். இதைச் சொல்ல ஆளில்லாமல் நான் அழுத அழுகையை என் வீட்டுப் பூனை மட்டும்தான் பார்த்தது.

நஸ்ரினாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. ரீட்டாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆலங்குடாவில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஹோட்டல் ஒன்றில் படுக்கைவிரிப்புத் தோய்க்கிறாள். மாமியைக் கடைசிவரை அவள்தான் பார்த்தாள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“ரீட்டா, அறைக்குப் பெயின்ட் அடிக்கப் போறாங்களாம். சுவரில இருக்கிற நம்பரை என்ன செய்யிற? வேணாம் எண்டா நான் நிப்பாட்டுறன்.”

தண்ணீர்க் குழாயை மூடினாள்.

“இனி அந்த நம்பரைச் சொல்லத் தேவையில்லையாமே அக்கா. மெஷினே இடத்தைக் காட்டுமாம்.”

“ஓம். வள்ளத்துக்காரன் வாய் திறக்கவே தேவையில்ல.”

“அப்ப அழிக்கட்டும் அக்கா. எனக்கு மனப்பாடம்தானே.”

வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மெல்ல, மாஸ்டர் அன்று மணலில் குந்தி இருந்து சொல்லிக் காட்டிய அதே ஒழுங்கில், சொல்லத் தொடங்கினாள்.

“அஞ்சு ஆறு. ரெண்டு ஒண்டு. ஏழு ஒம்பது. ஏழு மூண்டு. நாலு ஒண்டு. எட்டு. மிச்சம் எட்டு.”

அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. காத்துக்கொண்டிருந்தாள்.

“கரைக்குக் கிடைச்சது ரீட்டா,” என்றேன். “கரைக்குக் கிடைச்சது.”